சப்தமிக்கு மாறிய திவசம்

தம்பியின் திவசத்தில் எங்கள் வீட்டில் முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்டவர் ஒரு கிறிஸ்தவப் போதகர். அவர் மேல் எனக்குச் சந்தேகம் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

தம்பியின் திதி ஐப்பசி வளர்பிறைத் திருதியை. கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள் அது. சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் அந்த ஆறு நாளும் விரதம் பிடிக்கிற ஆட்கள். திவசத்துக்கு வருவார்கள், படத்துக்கு முன்னால் நிற்பார்கள், திருநீறு பூசுவார்கள். "கந்தசட்டி பிடிக்கிறன் அக்கா, குறை நினையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார்கள். அம்மா விடிய எழும்பி வைத்த கறிகள் எல்லாம் பின்னேரம் மாட்டுக்குப் போகும். அம்மா அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

அம்மாவின் கவலை சமைத்தது வீணாவது மட்டும் இல்லை. தம்பியும் அந்த வருஷம் விரதம் பிடித்தவன். இளநீரும் மிளகுத் தண்ணீருமாக இருந்தவன் மூன்றாம் நாள் வீட்டை விட்டுப் போனான், பிறகு பிணமாகத்தான் வந்தான். "என்ரை பிள்ளை வெறும் வயித்தோடை செத்தவன்" என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. சாப்பிட உட்காருவார், நாலு வாய் வைப்பார், பிறகு கை நின்றுவிடும். மிச்சத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிவிடுவார். வருஷக்கணக்காக இதுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கலியாணப் பேச்சில் அம்மாவோடு வாய்த்தர்க்கப்பட்டுக்கொண்டு தம்பி பின்னேரம் வெளிக்கிட்டுப் போனான். சந்தியில் சின்ன வயதிலிருந்தே கூடித் திரிந்த கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் ஏறியதைக் கண்ட ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்ட ஆள் இல்லை. கோபம் ஆறினால், விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாறணைக்கு வருவான் என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பாறணை முடிந்து இன்னும் சில நாள் போன பிறகு, இறைக்காமல் விட்டிருந்த ஒரு புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் இருந்து எடுத்தார்கள். தண்ணீரில் கிடந்த உடம்பு, செத்த நாளைச் சரியாகச் சொல்ல ஏலாது என்று வழக்கு நடந்தபோது டொக்டர் கோட்டில் சொன்னார். தலையில் அடித்த காயம் மட்டும் தெளிவு.

தம்பியின் போன் கூட்டாளியின் வீட்டில் இருந்தது. சந்தியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இறக்கிவிட்டேன், போனை என்னிடம் மறந்துவிட்டுப் போனான் என்று கூட்டாளி கூண்டில் நின்று சொன்னான். நீதிபதி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. தீர்ப்பன்று, தூக்கு வாசிக்கும்போது செய்கிற வழக்கப்படி, விளக்கையும் ஃபேனையும் நிறுத்தினார்கள், எல்லோரையும் எழும்பச் சொன்னார்கள். தூக்கு என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. ஒரு மனுசனைக் கொல்லச் சொன்னதைக் கேட்டு நிம்மதிப்பட்டவள் நான், அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

செத்த நாள் தெரியாதபடியால் எந்தத் திதியில் திவசம் செய்வது என்று ஐயரைக் கேட்டோம். கடைசியாகக் கண்ட நாளையே கோட்டு எடுத்தது, ஐயரும் அதையே எடுத்தார். அப்படித்தான் திருதியை வந்தது.

இந்த நாட்டில் தூக்குத் தீர்ப்புக் கொடுப்பார்கள், தூக்க மாட்டார்கள். நான் அறியக் கயிறு போட்டது இல்லை. கூட்டாளியைத் தெற்கே ஒரு சிறையில் வெள்ளை உடுப்போடு வைத்திருந்தார்கள். மேன்முறையீடு இழுபட்டுக்கொண்டு கிடந்தது.

இனிப் போதகருக்கு வருகிறேன். நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் நின்று பென்சன் எடுத்தவள். மாவில் ஈரம், எண்ணெயில் கலப்பு, தராசுத் தட்டில் விரல் என்று பார்த்துப் பார்த்தே வயது போனது. ஒருவர் சிரித்துக்கொண்டு படலையைத் திறந்தால் என் கண் அவருடைய கைக்குத்தான் போகும். அந்தத் திவசத்தன்று மத்தியானம் ஸ்கூட்டியில் வந்து இறங்கிய மனிதரின் கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"நான் பண்டத்தரிப்புப் பக்கம், பிள்ளை. தூக்குக் கைதிகளைப் போய்ப் பாக்கிற போதகர்" என்றார். அறுபதைத் தாண்டிய, மெலிந்த ஆள்.

"இஞ்சை மதம் மாற ஒருத்தரும் இல்லை, ஐயா."

"அதுக்கு வரேல்லைப் பிள்ளை. சும்மா பாத்திட்டுப் போக வந்தனான். இண்டைக்குத் திவசம் எண்டு தெரியாது."

சும்மா வருகிறவர்களை நான் சங்கக் கடையில் நிறையக் கண்டிருக்கிறேன். படலையிலேயே அனுப்பியிருப்பேன். உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆர் அது? நீங்கள் விரதமோ?"

"இல்லையம்மா. நான் வேதக்காரன்."

"அப்ப வந்து இருங்கோ, சாப்பிடுங்கோ."

மனுசன் இருந்தார், சாப்பிட்டார். மறுத்து மறுத்துப் பாவனை பண்ணாமல், கத்தரிக்காயை இன்னொருக்கால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். தன் பிள்ளையின் திவசச் சோற்றை ஒருவர் ருசித்துச் சாப்பிடுவதை அம்மா அன்றைக்குத்தான் கண்டார். அவர் ஆரைப் பார்க்கப் போகிறவர் என்று அம்மா கேட்டதும் மறைக்காமல் கூட்டாளியின் பெயரைச் சொன்னார். அம்மாவின் அகப்பை கொஞ்சம் நின்றது. பிறகு அவருடைய இலையில் சொதி விட்டார். தன் பிள்ளை வெறும் வயிற்றோடு போன கதையையும் சொன்னார்.

அவர் கிணற்றடியில் கை கழுவும்போது நான் துணிப்பையைத் திறந்து பார்த்தேன். வேதப்புத்தகம் ஒன்று. அதோடு சேர்த்துக் கடதாசியில் மடித்த திருநீற்றுப் பொட்டலங்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். திருநீற்றைக் காட்டி எங்கள் ஆட்களைப் பிடிக்கிறாரோ என்று நேரே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அங்கை சிறைக்குத் தமிழ் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் வாறேல்லை. ஐயர்மாருக்கு அவ்வளவு தூரம் வர ஏலாது. கைதியள் திருநீறு கேக்கினம், கொண்டுபோறன். தேவாரம் படிக்கச் சொல்லுவினம், தெரிஞ்சளவு படிப்பன். இதை எங்கடை சபையிலை போய்ச் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை, அவை ஏற்கெனவே என்னைச் சந்தேகமாய்த்தான் பாக்கினம்."

போகும்போது, "அவனுக்கு ஏதும் சொல்லவோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை" என்றேன்.

அடுத்த தடவை அவர் வந்தது தை முடிந்து வெயில் ஏறிய பிறகு. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். போதகர் ஒரு கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, பால் மாவின் விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். "அவன் ஒண்டு சொல்லிவிட்டவன் பிள்ளை. எனக்கு உங்கடை முறை அவ்வளவு விளங்காது. திதி பிழையாம். திருதியை இல்லையாம். சப்தமிக்கு முந்தி ஒண்டும் நடக்கேல்லையாம். உங்கடை தம்பி பாறணை முடிச்சுத்தான் போனவனாம். அக்காட்டைச் சொல்லுங்கோ, அம்மாட்டைச் சொல்லுறது அக்காவின்ரை விருப்பம் எண்டவன்."

அந்த மனிதருக்குத் தான் என்னத்தைக் காவிக்கொண்டு வந்தார் என்றே தெரியவில்லை. சஷ்டியன்று சூரன் போர், அடுத்த நாள் சப்தமி, அன்று விடியத்தான் பாறணை. அப்படியென்றால் வீட்டை விட்டுப் போன பிறகும் தம்பி நாலு நாள் உயிரோடு இருந்திருக்கிறான். கோட்டில் இதைப் பற்றி வாயே திறக்காதவன், இப்போது ஒரு போதகரின் வாயால் திதி சொல்கிறான்.

துருவித் துருவிக் கேட்டேன். கோபத்தில் வந்த தம்பி, வீட்டுக்குப் போகமாட்டேன் என்று கூட்டாளியின் தோட்டத்துக் கொட்டிலில் ஒளிந்து இருந்தானாம். வீட்டிலிருந்து கோல் வரும் என்று போனைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டானாம். சப்தமி விடியக் கூட்டாளி சமைத்துக் கொடுத்தானாம். சாப்பிட வைத்துவிட்டு வேலைக்குப் போய், பின்னேரம் வந்து பார்த்தால் கொட்டிலில் ஆள் இல்லையாம். வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தானாம்.

"ஏன் அதைக் கோட்டிலை சொல்லேல்லை?"

"நாலு நாள் என்னோடைதான் இருந்தவன் எண்டு சொன்னால் என்ரை வாயாலையே கயித்தைக் கேட்டு வாங்கின மாதிரி எண்டு பயந்தவனாம்."

"அப்ப தம்பியைக் கொன்றது ஆர்?"

"அது தெரியாது எண்டுறான். நான் வழக்கு விசாரிக்கப் போறதில்லைப் பிள்ளை. அவை சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருப்பன், அவ்வளவுதான்."

அவர் போன பிறகு எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சூரன் போருக்கு அடுத்த நாள் காலையிலிருந்து கூட்டாளி காங்கேசன்துறையில் கொங்கிறீட் வேலையில் நின்றான், வேலைத்தலத்திலேயே தங்கியும் இருந்தான் என்று ஒரு மேசன் கோட்டில் சாட்சி சொன்னவர். செத்தது திருதியை என்று எடுத்தபடியால் அந்தச் சாட்சியை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. சப்தமி என்றால் அது பெரிய சாட்சி. ஆனால் தங்கியிருந்தவன் பின்னேரம் கொட்டிலுக்கு எப்படி வந்தான்? கொட்டிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இரவு திரும்பிப் போனானாக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தப் பதிலிலும் சந்தேகப்பட்டேன்.

நாங்கள் திவசத்தைச் சப்தமிக்கு மாற்றினால் ஊருக்கு ஒரு அர்த்தம்தான். கோட்டு எடுத்த நாள் பிழை என்று செத்தவனின் தாயே ஒப்புக்கொண்டாள் என்பதுதான் அது. எந்த வக்கீலுக்கு இது இனிக்காது? எங்கள் சோற்றுப் பானைக்குள்ளால் கையை விட்டு வெளியே வரப் பார்க்கிறான் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. பாறணை முடித்துத்தான் போனவன். சோறு வடிக்கும்போதும் அது, படுக்கும்போதும் அது. அடுத்த முறை போதகர் தெற்கே போகும்போது ஒரு கேள்வி கொடுத்துவிட்டேன். அன்று விடிய என்ன சமைத்தாய், தம்பி எப்படிச் சாப்பிட்டான்?

மறுமொழி வந்தது. சோறு, பருப்பு, முருங்கையிலை வறை. அகத்திக்கீரை கிடைக்கவில்லை. தம்பி பருப்புக்கு நல்லெண்ணெய் கேட்டான், இருக்கவில்லை, முகத்தைச் சுழித்துக்கொண்டு சாப்பிட்டான், ஆனால் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான்.

அது தம்பிதான். நல்லெண்ணெய் இல்லாவிட்டால் முகத்தைச் சுழிப்பான், சோற்றை விடமாட்டான். எனக்கு அழுகை வந்தது. அழுது முடிந்ததும் புத்தி திரும்பி வந்தது. கூட்டாளி சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். தம்பி எப்படிச் சாப்பிடுவான் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் என்ன சொன்னாலும் அதை இரண்டு விதமாகவும் எடுக்கலாம். எந்தக் கேள்வி கேட்டும் இவனைப் பிடிக்க ஏலாது என்று அன்றைக்கு விளங்கியது.

அந்த ஆவணியில் மறுபடியும் தூக்குப் போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அரசியல்வாதிகள் இப்படிப் பேசுவது புதிது இல்லை. ஆனால் இந்தத் தடவை கயிறு போடுகிற அலுகோசு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கடையில் நின்றவர்கள் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். நான் வாங்கப் போன சீனியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவ்வளவு காலமும் தீர்ப்பில் மட்டும் இருந்த கயிறு மெய்யாகவே வரப்போகிறதோ? அவன் சொன்னது உண்மையாக இருந்தால், அந்த உண்மை உலகத்தில் என்னிடமும் ஒரு வேதக்காரப் போதகரிடமும் மட்டும்தான் இருக்கிறது. அவர் வழக்குக் கதைக்க மாட்டார். வாயைத் திறக்க வேண்டியவள் நான்தான்.

எல்லோரையும் சந்தேகப்பட்டவள், தீர்ப்பை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டது இல்லை. விளக்கை அணைத்துச் சொன்னபடியால் அது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன் போல. பயம் பிடித்தது. அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ஆர் சமைச்சது?"

"அவன்தான்."

"என்ன சமைச்சவன்?"

சொன்னேன். நல்லெண்ணெய் இல்லாததையும் சொன்னேன்.

"விரதக்காரனுக்குப் பாறணைக்குச் சமைச்சுப் போட்டவன் அவனைக் கொல்லுவானே, பிள்ளை?"

"அவன் சொல்லுறது பொய்யாய் இருக்கலாம் அம்மா. வெளியிலை வாறதுக்குச் சொல்லுறானோ தெரியாது. நாங்கள் நாளை மாத்தினால் அது கோட்டுக்குப் போகும்."

"போகட்டும். என்ரை பிள்ளை சாப்பிட்டவன் எண்டால் அது எங்கையும் போகட்டும். ஐயரிட்டைப் போய்ச் சொல்லு, சப்தமி எண்டு."

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். புதுத் தகவல் என்றேன். தகவல் சொன்னது ஆர் என்று கேட்டார். நான் பஞ்சாங்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊருக்கு விஷயம் எட்ட அதிக நேரம் எடுக்கவில்லை. காசு வாங்கிவிட்டோம் என்றார்கள், அம்மாவுக்கு வயது போய் அறளை பெயர்ந்துவிட்டது என்றார்கள், வீடு வேதத்துக்குப் போகப்போகிறது என்றார்கள். கூட்டாளியின் வக்கீலும் கோல் எடுத்தார். திவசத்துக்கு அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து கதைக்கலாமா என்றார். வாருங்கள் என்றேன். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

சப்தமியன்று நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. விடியப் பாறணை முடித்த சனம், ஆறு நாள் காய்ந்த வயிறு, மத்தியானம் ஆனதும் ஒவ்வொருவராகப் படலையைத் திறந்தார்கள். என்ன நடக்கிறது என்று புதினம் பார்க்க வந்தவர்களும் உண்டு, அதையும் நான் கவனித்தேன். ஆனால் வந்த எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு முடிந்து இன்னொரு உலை வைத்தோம். மாட்டுக்கு வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. போதகரும் வந்து எங்கள் ஆட்களோடு வரிசையில் இருந்தார்.

கடைசிப் பந்தியில் அம்மா இருந்தார். தம்பி கேட்டுக் கிடைக்காத நல்லெண்ணெயைப் பருப்புக்கு விடச் சொன்னார். பிசைந்தார், சாப்பிட்டார். கை நிற்கவில்லை. நான் கறிச்சட்டியோடு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இலை வெறுமையானதும் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

சனம் கலைந்த பிறகு போதகர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். நான் துவாயோடு போனேன். என் மனதில் நெடுநாளாக ஒரு கேள்வி கிடந்தது, கேட்கப் பயந்து வைத்திருந்தேன். அன்றைக்குக் கேட்டேன்.

"ஐயா, தம்பி வெறும் வயித்தோடை செத்தவன் எண்டு அம்மா அழுறதை நீங்கள் அவனுக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம் பிள்ளை. முதல் தரம் இஞ்சை சாப்பிட்டுப்போட்டுப் போன உடனை சொன்னனான். அவன் அண்டைக்கு முழுக்க அழுதவன்."

"பாறணைக் கதை அதுக்கு முந்தியோ பிந்தியோ?"

அவர் துவாயை வாங்காமல் நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த மனிதர் இதை ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை என்று முகம் சொன்னது. அந்த முகத்தில் களவு இல்லை.

"பிந்தித்தான் பிள்ளை. அதுக்குப் பிறகுதான் சொன்னவன்."

ஆக, அம்மாவின் பசியைக் கேட்ட பிறகுதான் அவனுக்குப் பாறணை ஞாபகம் வந்திருக்கிறது. உண்மையைச் சொல்ல அதுவே தூண்டியிருக்கலாம். வெளியே வர வழி கண்டிருக்கலாம். இரண்டும் இல்லாமல், தன்னைச் சின்ன வயதில் சோறூட்டி வளர்த்த மனுசி பட்டினி கிடக்கிறாள் என்று கேட்டு ஒரு பொய்யை உண்டாக்கி அனுப்பியும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

"நான் வக்கீலுக்குச் சொல்ல வேணுமோ, பிள்ளை?" என்று போதகர் மெல்லக் கேட்டார்.

"நீங்கள் வழக்கு விசாரிக்கப் போறதில்லைத்தானே, ஐயா" என்றேன். "வக்கீலோடை நான் கதைக்கிறன். திவசம் சப்தமிதான் எண்டு நான் சொல்லுவன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனார். வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை. ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நான் பின்னால் போய் மறித்தேன்.

"அவனுக்குச் சொல்லுங்கோ," என்றேன். "அம்மா சாப்பிட்டவ எண்டு."